நூரின் இழுப்பு நின்ற மதியம்

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் வேண்டும் என்று செயலாளர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, வேற எதுவும் வேண்டாம். ஹட் பேல கப்பலை நிறுத்துனீங்களே, அதை எழுதுங்க" என்றார். அந்தக் கதையை நான் எத்தனையோ கல்யாணப் பந்தலில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ஆனாலும் சர்க்கார் மருந்தகத்தில் தலைநரைக்கும் மட்டும் வேலை பார்த்தேன். போர்ட் பிளேயரிலிருந்து ஒரு ராத்திரிக் கப்பல் தூரத்தில் இருந்த ஹட் பேயில் கோடரி வெட்டு, பூரான் கடி, மரம் விழுந்து முறிந்த கால், மலேரியாக் குளிர், பாதி வழியில் நிற்கும் பிரசவம் எல்லாவற்றுக்கும் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். பட்டம் வாங்கி வந்த டாக்டர் இருவர் என்னிடம் கேட்டுக்கொண்டு தையல் போட்டிருக்கிறார்கள். இதைத் தற்பெருமை என்று சொல்கிறவர்கள் என்னோடு ஒரே ஒரு மழைக்காலம் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூலி ஆளாகக் கப்பல் ஏறியவன் நான். ஹேடோ துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை இறக்கும்போது கயிறு அறுந்து வலது பாதம் நசுங்கியது. போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தேன். சும்மா கிடக்கத் தெரியாத உடம்பு. பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தேன், பெட்பேன் எடுத்தேன். கால் ஆறியது, ஆனால் நான் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை. தரை துடைத்தேன், வார்டு பாய் ஆனேன், ஊசி கொதிக்க வைத்தேன், கடைசியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் ஆனேன். புட்டியில் ஒட்டிய பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நானே வாத்தியார்.

என்னை மனுஷனாக்கியது குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டரம்மா. மெட்ராஸ்காரர். ஒல்லியான உடம்பு. சத்தமே போட மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அவர் பேசுவதைக் கேட்க நாம் குனிய வேண்டி வந்தால், தொலைந்தோம் என்று அர்த்தம்.

மூச்சு வாங்கும் குழந்தை வந்தால் அவர் உடனே தொட மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்கால் மேல் வைப்பார். சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு நிமிஷம் முழுக்க விலாவையே பார்ப்பார். தாய் ஏதாவது சொல்ல வந்தால் ஒரு விரலை மட்டும் தூக்குவார். விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் சதை உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பார். பிறகு, "பத்து வரைக்கும் எண்ணு கண்ணா" என்பார். குழந்தை ஒரே மூச்சில் எண்ணினால் சிரிப்பார். நாலில் நின்று மூச்சு வாங்கினால் சிரிப்பு போய்விடும். நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாய் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் ஒரு பையனின் மூக்கைக் காட்டினார். மூக்குத் தண்டின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று.

"இது என்ன சுடலை?"

"நகம் பட்ட கீறலாம்மா?"

"உள்ளங்கையால மூக்கை மேல மேல தேய்ச்சு விழுந்த மடிப்பு. இவனுக்குச் சளி இல்ல. சளின்னா ஒரு வாரத்துல போயிடும். இது வருஷா வருஷம் அதே மாசத்துல வரும், காய்ச்சல் இருக்காது, தண்ணியா ஒழுகும், கண்ணு அரிக்கும். ஒவ்வாமை. மூக்கோட நின்னா நாம மாத்திரை குடுத்துப் பாத்துக்கலாம். மாத்திரைக்கு அடங்காம தூக்கம் கெட்டாலோ, காது அடைச்சாலோ, பள்ளிக்கூடம் போக முடியலன்னாலோ இதுக்குன்னே படிச்சவங்ககிட்ட அனுப்பணும். நெஞ்சுக்கு இறங்கிடுச்சுன்னா யோசிக்கவே கூடாது."

இன்னொரு காலையில் அதே வார்டில் ஐந்து வயசுப் பையன் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். முதல் நாள் முழுக்க அவன் நெஞ்சு விசில் அடித்தது வராந்தா வரை கேட்டது. அன்றைக்குச் சத்தமே இல்லை. டாக்டரம்மா குழாயை என் காதில் மாட்டினார். "என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலம்மா. க்ளியரா இருக்கு."

நான் குனிய வேண்டி வந்தது. "க்ளியர் இல்ல சுடலை. உள்ள காத்தே போகல. விசில் அடிக்கிற நெஞ்சுல காத்து போகுது. விசில் நின்ன நெஞ்சைப் பாத்துத்தான் பயப்படணும்." ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார், செய்ய வேண்டிய எல்லாம் செய்தார். மத்தியானத்துக்குள் அந்தக் கட்டிலின் விரிப்பை நான் மாற்றும்படி ஆகிவிட்டது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், எனக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது என்பதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை ஹட் பேக்குப் போட்டார்கள். காட்டை வெட்டிக் குடியேற்றம் நடந்துகொண்டிருந்த நேரம். தகரக் கூரை போட்ட ஒரே அறை மருந்தகம். டாக்டர் பதவி பாதி நாள் காலியாகவே கிடந்தது. ஆகவே டிரெஸ்ஸர் நானே எல்லோருக்கும் 'கம்பவுண்டர் சாப்'. கப்பல் அணையும் ஜெட்டி கிடையாது. கப்பல் கொஞ்ச தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் அலையைத் தாண்டிப் போய் ஏற வேண்டும். கப்பல் மூன்று தடவை சங்கு ஊதும். முதல் சங்குக்குப் படகுகள் கிளம்பும். இரண்டாவதற்குக் கடைசிப் படகு. மூன்றாவது ஊதினால் நங்கூரம் ஏறுகிறது என்று பொருள். அடுத்த கப்பல் பத்து நாளோ பதினைந்து நாளோ கழித்து, கடல் மனசு வைத்தால்.

மருந்தகத்து மேட்டில் ஒரு மூங்கில் கம்பம் நட்டிருந்தது. ஆபத்தான நோயாளி இருந்தால் அதில் வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்ற வேண்டும். அது பறந்தால் கப்பல் காத்து நிற்கும். கப்பல்காரர்களுக்கும் எங்களுக்கும் இருந்த ஏற்பாடு அது. எனக்கு முன்னால் இருந்தவர் மாசத்துக்கு ஒரு தடவை ஏற்றுவாராம். நான் வந்த பிறகு அந்த விரிப்பு அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. மடிப்பெல்லாம் மஞ்சள் பாய்ந்துவிட்டது. யாராவது வந்தால் அலமாரியைத் திறந்து காட்டுவேன். "பாருங்க, என் காலத்துல இதுக்கு வேலையே இல்ல" என்பேன். சீட்டு எழுதி நோயாளியைக் கப்பலேற்றுவது என் கைக்கு அவமானம் என்று நினைத்த காலம் அது.

கடைத்தெருவில் காதர் மளிகைக் கடை வைத்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர். வீட்டுக்காரி பெயர் ஆமினா. ஒரே மகள் நூர்ஜஹான், எல்லோருக்கும் நூர். ஆறு வயசில் முதல் தடவை என்னிடம் வந்தாள். மழை ஓய்ந்து, மரம் வெட்டின வெளியில் புல் பூக்கிற சமயம். வரிசையாகப் பத்துத் தும்மல் போடுவாள். கண் சிவந்து, மூக்கில் அதே குறுக்குக் கோடு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாத்திரை கொடுத்தேன், அடங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுவருஷம் அதே மாதங்களில் நெஞ்சுக்கு இறங்கியது. விடிகாலையில் இருமல், ஓடினால் இழுப்பு. இந்தத் தடவை போர்ட் பிளேயருக்கு அனுப்பினேன். ஆனால் சீட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? 'இருமல். பார்க்கவும்.' இரண்டே வார்த்தை. எந்த மாதம், எத்தனை நாள், எந்த மாத்திரை, எண்ணச் சொன்னால் எத்தனை வரை எண்ணினாள் என்று எதையும் எழுதவில்லை. புல்லும் புகையும் இல்லாத கடல் காற்றில் ஒரு நாள் போனதும் பிள்ளைக்கு மூச்சு சரியாகிவிட்டது. டாக்டரம்மா அப்போது ஊருக்குப் போயிருந்தார். டூட்டியில் இருந்தவர் குழாய் வைத்துப் பார்த்தார், நெஞ்சு சுத்தமாக இருந்தது. என் இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்ய முடியும்? இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த காதர் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கம்பவுண்டர் அண்ணன் எம் புள்ளைய கப்பல் காத்து வாங்க அனுப்பிட்டாரு. அடுத்த தடவ என்னையும் அனுப்புங்கண்ணே, எனக்கும் ரெண்டு தும்மல் இருக்கு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே சுட்டது.

மூன்றாவது வருஷம் புல் பூத்ததோடு சேர்ந்து, வெட்டிப்போட்ட காட்டையும் கொளுத்தினார்கள். நாலு நாள் புகை. நூருக்கு எட்டு வயசு. இழுப்பு தொடங்கி மூன்றாம் நாள் காலையில் கப்பல் வந்து நின்றது. ஆமினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். பின்னாலேயே காதர். வாசலில் வரும்போதே அவள் நெஞ்சு விசில் அடிப்பது கேட்டது.

"அண்ணே, கப்பல் நிக்கிது. இதுலயே கூட்டிட்டுப் போயிரவா?" என்றார் ஆமினா.

"நீ சும்மா இரு. அண்ணன் சொல்லட்டும்" என்றார் காதர்.

நான் மாத்திரையும் மிக்சரும் கொடுத்தேன். "இருந்து பாப்போம். கப்பல் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும்" என்றேன். முதல் சங்கு ஊதியது. நூர் பெஞ்சில் முழங்கால்மேல் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். நடுநடுவே அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். விசில் அறை முழுக்கக் கேட்டது.

இரண்டாவது சங்குக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் நின்றது.

அறை அப்படியே அமைதியானது. வெளியே கோழி கொக்கரித்தது கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தீங்களா காதரு? நின்னு போச்சு. ரெண்டே மாத்திரை" என்றேன்.

படகுக்காரன் நிதாய் வாசலில் தலையை நீட்டினான். வங்காளத்து அகதி, நல்ல துடுப்புக்காரன். "கம்பவுண்டர் சாப், மரீஸ் ஹை கியா? கடைசிப் படகு" என்றான்.

"நஹி, நஹி. நோயாளி யாருமில்லை. நீ போ."

நிதாய் போய்விட்டான். காதர் என் தோளைத் தட்டி, "அன்னைக்குக் கடையில சொன்னத மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரிஜிஸ்டரை எடுத்து 'குணம்' என்று எழுதினேன்.

"அண்ணே" என்றார் ஆமினா. "புள்ள தண்ணி கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்ப வாயே தொறக்க மாட்டேங்குது."

"அசதிம்மா. மூணு நாளா தூங்கல. படுக்க வைங்க."

படுக்க வைத்தார். முதுகு பாயில் பட்டதும் நூர் திமிறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதுவரை அவள் சத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உதடு நாவல்பழம் தின்றது போல. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் விரல் நுழையும் அளவுக்கு உள்ளே போனது.

"நூரு, பத்து வரைக்கும் எண்ணு."

"ஒண்ணு" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பார்த்தாள். எட்டு வயசுப் பிள்ளை மன்னிப்புக் கேட்பது போல் பார்த்தாள்.

குழாயை வைத்தேன். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கமும் ஒன்றுமில்லை. டாக்டரம்மாவின் தாழ்ந்த குரல்தான் என் காதுக்குள் கேட்டது. மத்தியானத்துக்குள் மாற்றிய அந்த விரிப்பு கண்ணில் வந்து நின்றது.

நான் சுறா மொய்க்கும் தண்ணீரில் நீந்தியவன், இருட்டுக் காட்டில் தனியாக நடந்தவன். அன்றைக்குத்தான் முதல் தடவை உதவி கேட்டுக் கத்தினேன்.

"காதரு, அலமாரியில வெள்ளை விரிப்பு இருக்கு. கம்பத்துல ஏத்துங்க. ஓடுங்க!"

"எதுக்குண்ணே? குணம்னு சொன்னீங்களே?"

"ஏத்துங்கய்யா!"

பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் மயங்குகிறவர்களுக்காக அட்ரினலின் மருந்துள்ள கண்ணாடி ஆம்பூல் மூன்று வைத்திருந்தோம். இழுப்புக்கும் டாக்டரம்மா அதைப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் உத்தரவில்லாமல் தொடக்கூடாத மருந்து. பெரியவருக்கு எவ்வளவு, சிறுவருக்கு எவ்வளவு என்று எழுதிய காகிதம் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. நூறு தடவை படித்த காகிதம் அன்றைக்கு எழுத்தெழுத்தாக ஓடியது. விரலை வைத்துப் படித்தேன். முதல் ஆம்பூல் கையிலேயே நொறுங்கியது. இரண்டாவதன் கழுத்தை ராவி உடைத்து, சின்ன சிரிஞ்சில் அளவு ஏற்றி, தப்பு இருக்கக் கூடாதே என்று மறுபடியும் காகிதத்தைப் பார்த்து, நூரின் மேல்கையில் தோலுக்கடியில் போட்டேன்.

பிறகு குழாயை எறிந்துவிட்டு அவள் முதுகில் என் காதையே வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருதயம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆமினா எதையோ ஓதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது சங்கு ஊதியது. அது ஊதி முடிக்கும் வரை எனக்கு அந்த நெஞ்சுக்குள் எதுவும் கேட்க வழியில்லை. என் ஆயுளில் அவ்வளவு நீளமான சங்கு இல்லை.

சங்கு ஓய்ந்தது. காதை எடுக்காமல் இருந்தேன். எங்கோ கதவிடுக்கில் காற்று நுழைவது போல் ஒரு சின்ன ஊளை. இன்னொன்று. பிறகு விசில். காலையில் எதை நிறுத்த மாத்திரை கொடுத்தேனோ, அதே விசில். அதைக் கேட்டு நான் அழுதேன்.

வெளியே காதர் கத்தினார்: "அண்ணே, கப்பல் நகருது!"

"விரிப்பை ஆட்டுங்க! நிதாய், ஜஹாஸ் ரோகோ, கப்பலை நிறுத்து!"

நிதாய் கடைசிப் படகோடு அப்போதுதான் கரைக்குத் திரும்பியிருந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடி, காதரும் ஆமினாவும் கூட ஏற, அவளைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தேன். மிச்சமிருந்த ஆம்பூல் என் சட்டைப்பையில், பஞ்சில் சுற்றி. அலை படகைத் தூக்கிப் போட்டது. கப்பலின் பின்பக்கம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது தூரமாகிக்கொண்டே இருந்தது. நிதாய் துடுப்பு போட்டபடி ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வசவு வைதான், கப்பலையா என்னையா என்று நான் கேட்கவில்லை. காதர் திரும்பித் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார். யாரோ கடைத்தெருப் பையன்கள் இன்னும் விரிப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கப்பலின் பின்னால் கலங்கிய நுரை மெல்ல அடங்கியது. நின்றுவிட்டது.

மிச்ச ஆம்பூலும் வழியில் வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஹேடோவில் இறங்கி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நூர் ஒரு மூச்சில் ஆறு வரை எண்ணினாள்.

டாக்டரம்மா இருந்தார். கடிகாரத்தைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். காதர் டீ வாங்கப் போயிருந்தார்.

"இழுப்பு எத்தனை நாளா?"

"மூணு நாளும்மா."

"கப்பல் எப்ப வந்துச்சு?"

"நேத்து காலைல."

"சத்தம் எப்ப நின்னுச்சு?"

"கடைசிப் படகுக்கு முன்னால."

"படகைப் போகச் சொன்னது யாரு?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. சாட்சி சொல்ல அங்கே யாருமில்லை. "நான்தாம்மா" என்றேன்.

நான் குனிந்தேன். "நல்லா மூச்சு விடற நாள்ல சீட்டு எழுது சுடலை. இந்த மாசம் வரும்னு உனக்குத் தெரியும். நெஞ்சுக்கு இறங்கும்னும் போன வருஷமே தெரியும். திணறுற அன்னிக்குக் கப்பல் நிக்கும்னு யாரு உனக்குச் சொன்னாங்க?"

அவ்வளவுதான். மேலிடத்துக்கு எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். எழுதவில்லை. நூரை மெட்ராஸுக்கு, ஒவ்வாமை பார்க்கிறதற்கென்றே இருக்கும் டாக்டரிடம் அனுப்பினார். இந்தத் தடவை சீட்டில் மூன்று வருஷத்துக் கதையும் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். அங்கே கையில் வரிசையாகக் குத்திப் பார்த்து, புல் பூந்தாதுதான் முதல் எதிரி என்று கண்டுபிடித்தார்களாம். புல் பூப்பதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டிய மருந்தும், புகை நாட்களில் எங்கே இருக்க வேண்டும் என்ற புத்திமதியும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நூர் என் பெஞ்சில் அப்படி உட்காரவே இல்லை.

அதன் பிறகு நான் ஒரு நோட்டு போட்டேன். எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் மூக்கு ஒழுகுகிறது, யாருக்குத் தூக்கம் கெடுகிறது, யார் எத்தனை எண்ணுகிறார்கள், எல்லாம் அதில். மாத்திரைக்கு அடங்காதவர்களையும், ஒரு தடவையாவது நெஞ்சு விசில் அடித்தவர்களையும் மழை ஓயுமுன்பே, ஓடியாடி விளையாடுகிற நாளிலேயே கப்பல் ஏற்றினேன். "சுடலைகிட்டப் போய்த் தும்மிறாதே, மெட்ராஸுக்குக் கப்பலேத்திருவான்" என்று கடைத்தெருவில் கேலி. கம்பத்தில் விரிப்பு அடிக்கடி ஏறியது. வெயிலில் வெளுத்து மடிப்பின் மஞ்சளும் போய்விட்டது.

காதர் மட்டும் ஊரெல்லாம் வேறு மாதிரிச் சொன்னார். கம்பவுண்டர் அண்ணன் துணிந்து ஊசி போட்டார், விரிப்பை ஏற்றி ஓடுகிற கப்பலையே நிறுத்தினார் என்றார். படகைப் போகச் சொன்னது இரண்டு மாத்திரையின் மேல் எனக்கு இருந்த திமிர் என்பதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. நல்ல மனுஷர், அப்படியே மௌத்தாகிப் போனார். நானும் அவர் சொன்னபடியே இத்தனை வருஷம் சொல்லி வந்தேன். ஆமினாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ஒரு தடவைகூட அந்தக் கதையை என் முன்னால் சொன்னதில்லை.

நூர் இப்போது போர்ட் பிளேயர் ஷாதிபூரில் இருக்கிறாள். பிள்ளைகுட்டிக்காரி. பெருநாள் தவறாமல் எனக்குப் பிரியாணி வரும். போன தடவை அவளே கொண்டுவந்து, தன் மகனிடம், "இவருதான்டா உங்கம்மாவுக்காகக் கப்பலை நிறுத்துன தாத்தா" என்றாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு சிரித்தேன்.

இந்த மலர் அச்சானதும் முதல் பிரதி அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அவள் நன்றாகத் தமிழ் படிப்பாள். படித்து முடித்த பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் வராமல் இருந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.